வேட்டைத் துப்பாக்கி வாங்கியவனின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில், வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் துப்பாக்கியோடும் செத்த மானோடும் படம் எடுத்துப் போட்டுக்கொள்வதைக் கண்டித்து ஒரு கடிதம் வந்திருந்தது. நம் ஊரில் செய்தால் சிறைக்குப் போக வேண்டிய காரியத்தை அங்கே போய்ப் பெருமையாகச் செய்கிறார்களே என்பது அந்த வாசகரின் ஆதங்கம். பொள்ளாச்சியில் இருக்கும் என் அம்மா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "நீ வாங்கினது இதுதானா கண்ணு?" என்று கேட்டிருந்தார்.

அதுதான். போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற எஃகு உருளையைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. வாங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. எடுத்துத் துடைக்கும்போதும் மகிழ்ச்சி, தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறும்போதும் மகிழ்ச்சி. அதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்று நினைப்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் வரையாட்டைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரியான சட்டம். நம் காடுகளில் மானையோ காட்டெருமையையோ சுடுகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். அங்கே அந்த விலங்குகள் அந்தக் காட்டுக்குச் சொந்தம். நான் இருக்கும் இடத்தில் கதை தலைகீழ்.

நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஆஷ்பர்ட்டன் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். இந்த நாட்டில் மனிதர்கள் வந்து சேரும் முன் தரையில் வாழ்ந்த பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மான் கிடையாது, முயல் கிடையாது, ஆடு கிடையாது. இங்குள்ள மரமும் செடியும் மேய்கிற வாய்க்குப் பழகாமல் வளர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்றே செம்மான்களைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். புலி இல்லை, செந்நாய் இல்லை. மான் பெருகி, காட்டின் கீழ்ச்செடிகளைத் தின்று, மலைச்சரிவு மண் அரிக்கிற நிலை வந்ததும் 1930இல் அரசே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தது. அந்த ஆட்கள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போன ரைஃபிள் எது தெரியுமா? த்ரீ நாட் த்ரீ. நம் ஊரில் கருவூலத்து வாசலில் காவலர்கள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தோமே, அதே லீ என்ஃபீல்டு. நமக்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். அதுவும் போல்ட் ஆக்‌ஷன்தான்.

என் குடும்பத்துக்கும் துப்பாக்கி புதிது இல்லை. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, நிலக்கடலைக் காட்டுக்குப் பன்றிக் காவலுக்கென்று உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு வாங்கி வருவார். பெரும்பாலும் வெறும் சத்தத்துக்குத்தான் அது பயன்பட்டது என்று அப்பா சொல்வார்.

சரி, என் ரைஃபிளுக்கு வருகிறேன். டிக்கா டி3எக்ஸ் லைட். பின்லாந்தில் ரீஹிமாக்கி என்ற ஊரில் சாக்கோ நிறுவனம் செய்வது. 308 அளவுத் தோட்டா. துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் பதியும் கட்டை கறுப்புச் செயற்கைப் பொருள். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. வால்நட் மரக்கட்டை போட்டதும் கடையில் இருந்தது. அழகில் அதுதான் உயர்வு. ஆனால் இங்கே மேற்குப் பக்கம் போனால் நாள் கணக்கில் மழை பெய்யும். மரம் ஈரத்தில் உப்பினால் குழலின் மேல் அழுத்தம் மாறும், குறி நகரும். அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு கறுப்பையே எடுத்தேன்.

நான் இடக்கைக்காரன். சாப்பிட மட்டும் வலது கை, அதுவும் வீட்டில் அதட்டிப் பழக்கியது. பந்து எறிவது, அரிவாள் பிடிப்பது, எழுதுவது எல்லாம் இடது. பண்ணை மேலாளரின் ரைஃபிளை அவர் பக்கத்தில் நின்று மேற்பார்க்க, முயல் சுடப் பழகினேன். அது வலக்கைத் துப்பாக்கி. இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டு, போல்ட்டை இழுக்கக் கையை எடுத்து மேலாகச் சுற்றிப் போட வேண்டும். காலித் தோட்டா முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும். சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் தலை தூக்கிவிடும், கண் குறியை விட்டு விலகிவிடும். இடக்கை ரைஃபிளைக் கடைக்காரர்கள் அதிகம் வாங்கி வைப்பதில்லை. சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். வந்துவிட்டது என்று கடையிலிருந்து அழைத்தபோது பால் கறவைக் கொட்டகையில் இருந்தேன். வேலை முடிந்ததும் பூட்ஸைக்கூட மாற்றாமல் போனேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறதா என்று தானும் பார்த்து என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையில் கொடுத்தார். இடது கை தானாகவே போல்ட்டின் குமிழில் போய் விழுந்தது. அதை மேலே தூக்கினால் பூட்டு விடுபட்டு, உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி பின்னுக்கு வந்து தயாராகிறது. பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொண்டு போய் அறையில் வைக்கும். கீழே அழுத்தினால் இரண்டு எஃகுக் காதுகள் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். நான்கு அசைவு. டிக்காவின் போல்ட் கைத்தறியில் நாடா ஓடுவது போல ஓடுகிறது. எங்கேயும் சிக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. பாதுகாப்பு விசையைப் போட்டால் டிரிகரோடு சேர்ந்து போல்ட்டும் பூட்டிக்கொள்கிறது. முட்செடிக்குள் நுழைந்து போகும்போது கைப்பிடி எதிலாவது மாட்டித் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற கவலை இல்லை.

மெதுவாக இருப்பதுதான் இந்தத் துப்பாக்கியின் சிறப்பு. அந்த வாசகருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்தது வேண்டுமென்றால் கையை எடுத்து, நான்கு அசைவும் முடித்து, மறுபடி குறி பார்க்க வேண்டும். அதற்குள் மான் காட்டுக்குள் போய்விடும். அதனால் முதல் குண்டிலேயே காரியம் முடியும் என்று தெரிந்தால்தான் விரல் டிரிகருக்குப் போகும். தெரியவில்லையென்றால் சுடாமல் திரும்பி வருவேன். காயப்பட்டு ஓடி, எங்கோ புதரில் இரண்டு நாள் கிடந்து சாகிற மானை நினைத்தால் எனக்கும் அந்த வாசகரைப் போலவே நெஞ்சு பதறும். நல்ல வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் பதறும்.

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் பயன்படுத்தியது தானாக அடுத்த குண்டு ஏறும் வகைத் துப்பாக்கிகள். கிறைஸ்ட்சர்ச் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். அடுத்த மாதமே நாடாளுமன்றம் அந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. 119 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. மக்களிடமிருந்து பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தார்கள். சாதாரண போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கியை அந்தத் தடை தொடவில்லை. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பணம் இருந்தால் கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் படங்கள் பார்த்த பழக்கமாக இருக்கலாம். இங்கே உரிமம் கிடைக்க எழுத்துத் தேர்வு உண்டு, செய்முறைப் பயிற்சி உண்டு. வீட்டுக்கு ஆள் வந்து, எஃகுப் பெட்டகம் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா, தோட்டா தனியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்னைப் பற்றி என் மனைவியிடம் தனியாகப் பேசினார்கள். கோபம் வந்தால் எப்படி இருப்பார், குடிப்பாரா, மனச்சோர்வு உண்டா, இவர் வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்றெல்லாம் கேட்டார்கள். மனைவி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் விண்ணப்பம் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்க வேண்டியதுதான். இப்போதும் பெட்டகத்தின் சாவி மனைவி கைக்குக்கூடப் போகக் கூடாது, உரிமம் உள்ளவர் மட்டுமே தொடலாம். 2023இலிருந்து எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று நாடு முழுதுக்கும் ஒரே பதிவேடு வைத்திருக்கிறார்கள். என் டிக்காவின் எண்ணும் அதில் ஏறியிருக்கிறது. நான் போல்ட்டைக் கழற்றி வேறொரு பூட்டில் வைக்கிறேன். போல்ட் இல்லாத ரைஃபிள் வெறும் குழாய்தான். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வாங்கியவுடன் காட்டுக்கு ஓடவில்லை. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பொருத்தினதும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைஃபிளை மணல்மூட்டை மேல் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழல் வழியாகவே இலக்கைப் பார்க்க வேண்டும். குழலின் நடுவில் இலக்கு தெரியும். அதை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்தால் முதல் தோட்டாவே தாளில் விழும். அப்புறம் 100 மீட்டரில் சுட்டு, குண்டு ஐந்து சென்டிமீட்டர் மேலே படும்படி திருகினேன். அப்படி வைத்தால் என் தோட்டா ஏறக்குறைய 200 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும். அதற்கு மேல் தூரத்தில் நான் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மூன்று குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுந்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, நான் ஈயக் குண்டு வாங்குவதில்லை. ஈயம் உடலுக்குள் போனதும் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறியில் தங்கும். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். செம்புக் குண்டு விலை கூடுதல்தான். ஆனால் நொறுங்காமல் பூப்போல் விரிந்து ஒரே துண்டாக இருக்கும்.

இந்த ரைஃபிளுடன் முதலில் எடுத்தது லேக் சம்னர் ஏரிப் பக்கம், பீச் என்ற மரங்கள் நிறைந்த காட்டில் ஒரு பெட்டைச் செம்மான். அரசு நிலத்தில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு இலவசம். காற்று மானின் பக்கமிருந்து என் முகத்தில் அடித்தது, அது நல்லது. முதலில் பார்த்தது ஒரு காது மட்டும். பிறகு பழுப்பாக ஒரு முதுகு. இங்கே பாதுகாப்பு விதிகள் ஏழு. அவற்றில் இலக்கு எது என்று துளி சந்தேகமில்லாமல் அடையாளம் காண வேண்டும் என்ற விதியைத்தான் வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். கூட வந்த நண்பனையே மான் என்று நினைத்துச் சுட்ட சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அதனால் காது, முதுகு, அசைவு, சத்தம் எதுவுமே போதாது. தலை, கழுத்து, முழு உடல் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதுவரை அறையில் தோட்டாவே ஏற்றுவதில்லை. அந்தப் பெட்டை மேய்ந்துகொண்டே திறந்த இடத்துக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. பின்னால் மண்மேடு. கூடவே குட்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன். போல்ட்டைத் தள்ளிப் பூட்டினேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் குறி. சுட்டேன். நின்ற இடத்திலிருந்து சில அடி நகர்ந்து விழுந்தது.

குடல் எடுத்து, தொடைகளையும் முதுகுக் கறியையும் தோளில் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கினேன். விட்டுவிட்டு வந்தது குடலும் எலும்பும்தான். படம் எடுக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் அந்த வாசகரின் பக்கம். செத்த விலங்கின் தலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவது எனக்கும் பிடிக்காது.

வேட்டைக் கறியை இங்கே விற்கக் கூடாது. சாப்பிடலாம், கொடுக்கலாம். சில நாள் குளிரில் தொங்கவிட்ட பிறகு அறுத்தோம். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கூடாது. மனைவி பள்ளிபாளையம் முறையில் செய்தார். தாராளமாக நல்லெண்ணெய், கிள்ளிப் போட்ட வரமிளகாய், உரித்த சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்குப் போனது. பண்ணை மேலாளர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோழிப்பண்ணைக் கொட்டகையில் நாற்பது நாள் வளர்ந்து வந்த கறியை யோசிக்காமல் சாப்பிடுகிற நாம், காட்டில் இஷ்டப்படி மேய்ந்து ஒரு நொடியில் இறந்த மானுக்காக மட்டும் கோபப்படுவது எனக்குப் பொருந்தவில்லை. சைவ உணவு மட்டுமே உண்பவர் கேட்டால் அது வேறு. அவருக்கு அந்த உரிமை உண்டு.

இனி வரையாடு. ஆஷ்பர்ட்டனிலிருந்து மவுண்ட் சோமர்ஸ் வழியாக உள்ளே போனால் ரங்கிட்டாட்டா ஆற்றின் தலைப்பகுதி வரும். அங்கே பாறைச் சரிவுகளில் இமயமலை வரையாடுகள் இருக்கின்றன. 1904இல் பெட்ஃபோர்டு பிரபு இங்கிலாந்திலிருந்த தன் மந்தையிலிருந்து அனுப்பிவைத்து, மவுண்ட் குக் அருகில் விட்ட சில ஆடுகளின் வாரிசுகள். மலையுச்சிப் புல்லையும், மவுண்ட் குக் லில்லி என்ற வெள்ளைப் பூச்செடியையும் தின்று தீர்க்கின்றன. 1993இல் போட்ட திட்டப்படி மொத்தம் 10,000 ஆடுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எண்ணிக்கையைத் தாண்டி வெகுகாலமாகிறது. பிடரி மயிர் தொங்கும் கிடாவைத்தான் எல்லோரும் தேடுவார்கள். கூட்டம் குறைய வேண்டுமென்றால் பெட்டைகளை எடுங்கள் என்று இங்குள்ள இயற்கைப் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொள்கிறது. நான் எடுத்ததும் ஒரு பெட்டைதான். சொல்லிவிடுகிறேன், குறி பார்க்கும்போது கை தயங்கியது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம், தடுப்புச் சுவர் மேலேயே வந்து நிற்குமே நம் வரையாடு, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாறையில் கால் வைத்து நிற்கும் விதம் அப்படியே இருந்தது. மரபணு ஆய்வுப்படி நம் நீலகிரி வரையாடு செம்மறியாட்டுக்குத்தான் நெருக்கம், இமயத்து வரையாட்டுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தயங்கியது. பிறகு அந்தச் சரிவில் கடித்துத் துப்பின புல் தூர்களைப் பார்த்தேன், சுட்டேன். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நியூசிலாந்தில் இமயமலை வரையாடு பெருகிப் போனதால் சுடச் சொல்கிறார்கள். நம் ஊரிலோ நம் மாநில விலங்கான நீலகிரி வரையாடு, தமிழ்நாட்டுக் காடுகளில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. 2023இல் அரசு வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் தொடங்கி, கணக்கெடுப்பும் நடத்துகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் நான் தங்களிடம் கேட்டுக்கொள்வது, அந்தக் கணக்கெடுப்புச் செய்திகளை உள்பக்க மூலையில் நான்கு வரியாக முடித்துவிடாமல், எந்த மலையில் கூடியது, எந்த மலையில் குறைந்தது என்று விரிவாகப் போடுங்கள். போன முறை ஊருக்கு வந்தபோது வால்பாறைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு ஆட்டுக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டியை ஓரமாக ஒதுக்கிப் படமும் எடுத்தார்கள். வனவிலங்குக்குத் தீனி போட்டால் அபராதம் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கோவை, பொள்ளாச்சிப் பதிப்புகளிலாவது, விடுமுறைக் கூட்டம் மலையேறும் முன், அதைப் பெரிய எழுத்தில் ஒரு முறை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வாசகர்,
ஆஷ்பர்ட்டன், நியூசிலாந்து.